கடல் கடந்த கணக்குகளும் நம் கையிலுள்ள அமானிதமும்

(தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணியில் ஆற்றப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)



 

தொழுகை முடிந்து வெளியே வரும்போது இளைஞர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று அண்மைக்காலமாக அடிக்கடி வருகின்றது. "ஹஜ்ரத், வெளிநாட்டில் ஒரு கணக்குத் தொடங்கி, அங்குள்ள சந்தையில் வியாபாரம் செய்யலாமா? அது ஹலாலா, ஹராமா?" என்று கேட்கின்றனர். இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஏனெனில், 'வெளிநாட்டுக் கணக்கு' என்ற ஒரே பெயருக்குள் முற்றிலும் வெவ்வேறான மூன்று காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. வங்கியின் வழியாகப் பணம் அனுப்பி, அமெரிக்கா போன்ற நாட்டிலுள்ள தரகு நிறுவனத்தின் மூலம் ஒரு கம்பெனியின் பங்கை உண்மையாகவே வாங்குவது ஒன்று. கைப்பேசிச் செயலி ஒன்றில் டாலர் ஏறுமா, தங்கம் இறங்குமா என்று பணம் கட்டுவது மற்றொன்று. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உழைத்த நம் சகோதரர்கள் அங்கேயே தொடங்கி, ஊர் திரும்பிய பின்னும் வைத்திருக்கும் கணக்கு மூன்றாவது. முதலாவது, நிபந்தனைகளுடன் ஆகுமானது. இரண்டாவது, அடி முதல் நுனி வரை ஆகாதது. மூன்றாவது, கடமைகள் நிறைந்த ஓர் அமானிதம். இந்த வேறுபாட்டை அறியாமல் கேள்வி கேட்பவரும் இடறுகிறார். அறியாமல் விடை சொல்பவரும் இடறுகிறார்.

கடல் கடந்து வணிகம் செய்வது இந்தக் கரைக்குப் புதிதன்று. நமக்குத் தெற்கே தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் இருந்த காயல் துறைமுகத்திற்கு ஏடனிலிருந்தும், ஹுர்முஸிலிருந்தும், கீஷ் தீவிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்ததை, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்துள்ளார். பாண்டிய மன்னருக்கும் கீஷ் தீவின் வணிகர் தலைவர் ஜமாலுத்தீனுக்கும் இடையிலான குதிரை ஒப்பந்தத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்துள்ளார். ஒரு குதிரைக்கு என்ன விலை என்பது முன்பே முடிவாகியிருந்தது. வழியில் இறந்துபோன குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது. கவனியுங்கள். சரக்கு இன்னது, விலை இவ்வளவு, நஷ்டம் வந்தால் தாங்குபவர் இன்னார் என்பதெல்லாம் இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. கடலின் ஆபத்து மிகப் பெரிதாக இருந்தது. ஒப்பந்தத்தில் மறைவு இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான வியாபாரம் ஒன்றும் முத்துக் குளிக்கும் கரைகளில் இருந்தது. "நான் ஒருமுறை மூழ்குகிறேன், கையில் எது வந்தாலும் இத்தனை காசுக்கு உனக்கு" என்று முத்துக் குளிப்பவர் பேரம் பேசுவது. இதை அரபியில் 'ளர்பத்துல் ஙாயிஸ்', அதாவது குளியாளியின் ஒரு முழுக்கு என்பர். இதனைத் தடுக்கும் ஹதீஸ் இப்னு மாஜாவில் இடம்பெற்றுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியுள்ளனர். எனினும், கரர், அதாவது முடிவு தெரியாத மறைவான வியாபாரம் தடை செய்யப்பட்டது என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உறுதியாக வந்துள்ள செய்தி. வியாபாரம் பற்றிய சட்டங்களின் பெரும் அடிப்படைகளில் அது ஒன்று என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் கணித்துள்ளார்கள். அந்தக் கரருக்கு உதாரணம் காட்டும்போதுதான் ஃபிக்ஹு அறிஞர்கள் குளியாளியின் முழுக்கையும், சிப்பியைப் பிளக்காமல் உள்ளிருக்கும் முத்தை விற்பதையும் எடுத்துரைக்கின்றனர்.

தூத்துக்குடிக் கரையில் 1961ஆம் ஆண்டோடு முத்துக் குளிப்பு நின்றுபோயிற்று. சிப்பிகளை ஆயிரம் கணக்கில் ஏலம் விட்டதைத் தங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கக்கூடும். 1889ஆம் ஆண்டு இங்கு நடந்த முத்துக் குளிப்பை எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி நேரில் கண்டு எழுதியுள்ளார். ஏலம் எடுத்தவரில் செல்வந்தரானோரும் உண்டு, அழுகிய சிப்பிக் குவியலோடு திரும்பியோரும் உண்டு. ஆயினும் அங்கு ஒரு சிப்பியேனும் இருந்தது. குளிப்புக்கு முன்னரே மாதிரிக்குச் சில சிப்பிகளைப் பிளந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டுப் பார்க்கும் வழக்கமும் இருந்தது.

இப்போது அந்தக் கைப்பேசிச் செயலிக்கு வருவோம். அதில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது நீங்கள் வாங்குவது என்ன? டாலர் உங்கள் கைக்கு வருவதில்லை. தங்கம் எங்கும் உங்கள் பெயரில் எடுத்து வைக்கப்படுவதில்லை. ஒரு விலை ஏறினால் அந்நிறுவனம் உங்களுக்கு வித்தியாசத்தைத் தர வேண்டும். இறங்கினால் நீங்கள் அதற்குத் தர வேண்டும். ஒப்பந்தம் அவ்வளவுதான். பெரும்பாலும் எதிர்த்தரப்பில் அமர்ந்திருப்பது அந்நிறுவனமே. அதாவது, உங்கள் நஷ்டமே அதன் இலாபம். இங்கே சிப்பியும் இல்லை, கடலும் இல்லை. கரையில் இருவர் அமர்ந்து, மூன்றாமவர் குளிக்கும் முத்தின் விலை என்னவாகும் என்று பந்தயம் கட்டுவதற்கு ஒப்பான செயல் இது. இதனை மைசிர், அதாவது சூதாட்டம் என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இதில் 'லெவரேஜ்' என்ற ஒன்றைச் சேர்க்கின்றனர். ஒன்றுக்கு ஐந்நூறு என்று விளம்பரம் செய்கின்றனர். நீங்கள் 10,000 ரூபாய் கட்டினால் 50 இலட்சம் ரூபாய்க்குப் பேரம் பேசலாம் என்பது அதன் பொருள். கேட்க இனிமையாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய்ப் பொருளின் விலை 20 பைசா எதிர்த்திசையில் அசைந்தால் போதும், உங்கள் 10,000 ரூபாயும் முடிந்துவிட்டது. அந்நியச் செலாவணிச் சந்தையில் அந்த அளவு அசைவு ஒரு தேநீர் அருந்தும் நேரத்தில் நிகழ்ந்துவிடும். ஐரோப்பாவில் இத்தகைய ஒப்பந்தங்களை எஸ்மா என்னும் சந்தை ஆணையம் 2018ஆம் ஆண்டு ஆராய்ந்தபோது, சிறு முதலீட்டாளர்களின் கணக்குகளில் நூற்றுக்கு 74 முதல் 89 வரை நஷ்டத்தில் முடிந்தது தெரியவந்தது. அரசாங்கக் கண்காணிப்புக்கு உட்பட்ட நிறுவனங்களில் கண்ட நிலை அது. எங்கோ ஒரு தீவில் பதிவு செய்துவிட்டு, தமிழில் விளம்பரம் செய்யும் நிறுவனத்தின் நிலையை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

"ஹஜ்ரத், இஸ்லாமியக் கணக்கு என்றே தனியாக வைத்திருக்கிறார்களே!" என்று ஒரு தம்பி கேட்டார். ஆம், வைத்திருக்கிறார்கள். ஒரு பேரத்தை மறுநாளைக்கு நீட்டித்தால் இரவுக்கு இவ்வளவு என்று வாங்கும் வட்டியை மட்டும் அதில் நீக்கிவிட்டு, பச்சை நிறத்தில் பிறையும் போட்டு விடுகின்றனர். வட்டியை நீக்கினாலும், கடன் கொடுத்து அந்தக் கடனைத் தன்னிடமே வியாபாரம் செய்யக் கட்டாயப்படுத்தும் நிலை நீங்கவில்லை. நாணயத்துக்கு நாணயம் மாற்றும்போது அந்த இடத்திலேயே கைமாற வேண்டும் என்ற 'ஸர்ஃப்' சட்டமும் நிறைவேறவில்லை. மக்காவில் ராபித்தா அமைப்பின் ஃபிக்ஹு சபை 2006ஆம் ஆண்டு மார்ஜின் வியாபாரம் கூடாது எனத் தீர்மானித்தது. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1992ஆம் ஆண்டே 'ஆப்ஷன்' ஒப்பந்தங்களும், குறியீட்டெண் மீதான வியாபாரமும் கூடாது எனத் தீர்மானித்துவிட்டது. பிறை போட்டதனால் பன்றி இறைச்சி ஹலாலாகிவிடுமா?

மார்க்கம் இவ்வாறிருக்க, நாட்டின் சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. ஃபெமா எனப்படும் 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வெளிநாட்டுச் சந்தைகளுக்கு மார்ஜின் தொகையோ அதன் பற்றாக்குறையோ கட்டப் பணம் அனுப்ப இயலாது. 2022 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இதுபற்றி எச்சரித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று அனுமதியற்ற செலாவணித் தளங்கள் 34இன் பெயர்களை வெளியிட்டது. ஆக்டா எஃப்.எக்ஸ்., ஒலிம்ப் டிரேட், ஐ.கியூ. ஆப்ஷன், பினோமோ போன்ற பெயர்கள் அதில் இருந்தன; பின்னர் பட்டியல் மேலும் நீண்டது. பட்டியலில் இல்லை என்பதாலேயே ஒரு தளம் அனுமதி பெற்றது என்று பொருளாகாது என்றும் ரிசர்வ் வங்கி தெளிவாகக் கூறியுள்ளது. அப்பட்டியலிலுள்ள நிறுவனம் ஒன்று ஐ.பி.எல். கிரிக்கெட் அணியின் விளம்பரக் கூட்டாளியாகவும் இருந்தது. ஆகவே, "பெரிய விளம்பரமெல்லாம் வருகிறதே" என்பது ஓர் ஆதாரமன்று.

இவ்விடத்தில் பெற்றோர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சட்டப்படி வங்கி அனுப்பாத பணம் எப்படி அந்தத் தளத்தைச் சென்றடைகிறது? யாரோ முன்பின் அறியாத ஒருவருடைய சேமிப்புக் கணக்கு எண்ணைக் கொடுத்து, "இதற்கு அனுப்புங்கள்" என்பார்கள். அந்த எண் ஒரு கூலித் தொழிலாளியுடையதாகவோ, கல்லூரி மாணவருடையதாகவோ இருக்கும். அவரிடம், "உன் வங்கி அட்டையையும் சிம் கார்டையும் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறோம்" என்று பேசி முடித்திருப்பார்கள். அந்தக் கணக்கின் வழியே பந்தயப் பணமும், ஏமாற்றப்பட்ட முதியவரின் ஓய்வூதியமும், இன்னும் எதுவெல்லாமோ ஓடும். காவல்துறை தேடும்போது வாசலில் வந்து நிற்பது கணக்கின் சொந்தக்காரரிடம்தான். உப்பளத்தில் வெயிலில் நின்று ஈட்டிய கூலியும், துறைமுகத்தில் மூட்டை சுமந்து சேர்த்த காசும் அதே கணக்கில் இருந்தால் அதுவும் முடங்கிவிடும். கணக்கு என்பது வங்கி நம் பெயரை நம்பி ஒப்படைத்த அமானிதம். அதை வாடகைக்கு விடுபவர், அதன் வழியே ஓடும் ஒவ்வொரு பாவத்திலும் பங்காளியாகிறார். இதில் அகப்பட்டுக்கொண்டவர்கள் மறைத்து வைக்காமல் 1930 என்ற இணையக் குற்றத் தடுப்பு உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரங்களிலேயே சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

நம் ஊர்களில் 'உண்டியல்' என்று வழங்கும் முறையும் இப்படிப்பட்டதே. ஹவாலா என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் ஒரு கண்ணியமான பாடம். ஒருவர் கடனை மற்றவர் ஏற்றுக்கொள்வது. அந்த நல்ல சொல் இன்று நாளிதழ்களில் எந்த இடத்தில் வருகிறது என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது. "இது அரசாங்கச் சட்டம்தானே, மார்க்கம் தடுக்கவில்லையே" என்று சிலர் கூறுவதுண்டு. வங்கியில் படிவம் நிரப்பிக் கையொப்பமிடும்போது நாம் ஓர் உறுதிமொழி தருகிறோம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு முஃமின்களுக்கு இடப்பட்ட கட்டளையோடுதான் அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. ஃபெமா சட்டத்தை மீறினால் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கலாம் என்பது இரண்டாவது விஷயம். கையொப்பமிட்டுப் பொய் சொன்னோம் என்பதே முதல் விஷயம்.

அப்படியானால் நேர்வழி உண்டா? உண்டு. ரிசர்வ் வங்கி 2004 பிப்ரவரியில் எல்.ஆர்.எஸ். என்னும் பணம் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் அனுப்பலாம். 2007இல் அது 2 இலட்சம் டாலராக உயர்ந்தது. ரூபாயின் மதிப்புச் சரிந்த 2013 ஆகஸ்டில் 75,000 ஆகக் குறைக்கப்பட்டது. 2015 முதல் 2,50,000 டாலராக உள்ளது. நம் ஜமாஅத்தில் எவருக்கும் அந்த உச்சவரம்பைப் பற்றிக் கவலைப்படும் நிலை இருக்காது என்று எண்ணுகிறேன்! இத்திட்டத்தின்படி வெளிநாட்டில் வங்கிக் கணக்குத் தொடங்கலாம். தரகு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கிப் பங்குகள் வாங்கலாம். பான் எண்ணுடன் ஏ-2 என்ற படிவத்தில் எதற்காக அனுப்புகிறோம் என்பதை எழுத வேண்டும். முதலீட்டுக்கு அனுப்புவதைக் 'குடும்பச் செலவு' என்றோ 'அன்பளிப்பு' என்றோ எழுதுவது அப்பட்டமான பொய். இம்முதலீட்டுக்காக வங்கி கடன் கொடுக்கக் கூடாது என்றும் அத்திட்டம் கூறுகிறது. நம் மார்க்கம் சொல்லும் நிதானத்திற்கு அது பொருந்தியிருப்பதைக் காண்கிறோம்.

ஆண்டுக்கு 10 இலட்சம் ரூபாய்க்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பினால், மிகும் தொகையில் 20 விழுக்காட்டை வங்கி முன்கூட்டியே வரியாகப் பிடித்து வைக்கும். அது பின்னர் வருமான வரியில் கழிக்கப்படும் அல்லது திருப்பித் தரப்படும். அனுப்பிய பணத்தை முதலீடு செய்யாமல் 180 நாட்களுக்கு மேல் அங்கேயே வைத்திருக்கவும் கூடாது.

கணக்குத் தொடங்கும் படிவத்தில்தான் நம் பேணுதல் வெளிப்பட வேண்டும். 'ரொக்கக் கணக்கா, மார்ஜின் கணக்கா' என்று கேட்பார்கள். ரொக்கக் கணக்கையே தேர்ந்தெடுங்கள். மார்ஜின் என்பது வட்டிக்கடன். உங்கள் பங்குகளைப் பிறருக்கு இரவல் கொடுத்து வருமானம் தருகிறோம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதைக் குறிக்காதீர்கள். மீதிப் பணத்துக்கு வட்டி தரும் ஏற்பாட்டையும் மறுத்துவிடலாம். அமெரிக்கத் தரகு நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளரின் சொத்துக்கு 5 இலட்சம் டாலர் வரை அங்குள்ள பாதுகாப்பு அமைப்பின் காப்பு உண்டு. பங்கு விலை வீழ்ந்தால் அந்தக் காப்பு கிடையாது. பிறகு, வாங்கும் கம்பெனியைப் பாருங்கள். மது, வட்டி, சூது நிறுவனங்கள் வெளிப்படையானவை. மற்றவற்றிலும், வட்டிக்கடன் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டுக்குள்ளும், ஆகாத வழி வருமானம் 5 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பஹ்ரைனிலுள்ள ஆயோஃபி அமைப்பின் அளவுகோல். அந்தச் சிறு பகுதியையும் கணக்கிட்டு, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். விற்று இலாபம் பெறும் நோக்கத்தோடு வாங்கிய பங்கின் அன்றைய சந்தை மதிப்புக்கு ஆண்டுதோறும் இரண்டரை விழுக்காடு ஸகாத் உண்டு. அது டாலரில் இருக்கிறது, கண்ணில் படவில்லை என்பதற்காகக் கடமை நீங்காது.

வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்களுக்கு ஒரு நற்செய்தி. வெளிநாட்டில் வசித்தபோது சம்பாதித்து அங்கே வாங்கிய சொத்தையும், அங்கே வைத்த கணக்கையும், ஊர் திரும்பிய பின்னும் வைத்துக்கொள்ள ஃபெமா சட்டத்தின் 6ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால், இங்கே முழு வசிப்பாளராக ஆனபின், வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அவற்றைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் தண்டம் உண்டு. நிலம், வீடு நீங்கலாக மொத்தம் 20 இலட்சம் ரூபாய்க்கு மிகாத சொத்துக்கு 2024 அக்டோபர் முதல் அந்தத் தண்டத்திலிருந்து விலக்களிக்கப்பட்டுள்ளது. காட்ட வேண்டிய கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. 2017 முதல் நாடுகள் தமக்குள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக் கொள்கின்றன. "யாருக்குத் தெரியப்போகிறது" என்ற பேச்சு இன்று உலகக் கணக்கிலும் பொருந்தாது.

இறுதியாக, நாம் பேசத் தயங்கும் ஒன்றைப் பேசிவிடுகிறேன். கணக்கு வைத்திருப்பவர் மவ்த்தாகிவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கு வசிப்பவராகவோ இல்லாத ஒருவர், அமெரிக்கப் பங்குகளை 60,000 டாலருக்கு மேல் விட்டுச் சென்றால், மிகும் தொகைக்கு அந்நாடு 40 விழுக்காடு வரை மரணச் சொத்து வரி விதிக்கிறது. அந்நாட்டுக் குடிமக்களுக்கோ ஒரு கோடி டாலருக்கு மேல் விலக்கு உண்டு. இந்த வரி விஷயத்தில் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உடன்படிக்கை இல்லை. இலாபத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

அதே படிவத்தில் கூட்டுக் கணக்கு என்று ஒரு வகை இருக்கும். ஒருவர் இறந்தால் மற்றவருக்கே முழுவதும் சேரும் என்பது அதன் நிபந்தனை. அன்னிஸா அத்தியாயத்தில் தாய்க்கும், தந்தைக்கும், மகளுக்கும், மனைவிக்கும் பங்குகள் வகுக்கப்பட்டிருக்க, ஒரு கட்டத்தில் நாம் இடும் குறி அவர்களில் பலரை வெளியே தள்ளிவிடும். இங்குள்ள கணக்குகளிலும் நாமினி என்பவர் உரிமையாளர் அல்லர். கம்பெனிப் பங்குகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதை உறுதிப்படுத்தியுள்ளது. நாமினி பெற்று, ஃபராயிழ் சட்டப்படி பங்கிட வேண்டியவரே அவர்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியது. வஸிய்யத் செய்ய ஏதேனும் உடையவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிமொழியின் கருத்து. ஆகவே, கடல் கடந்து கணக்கு வைத்திருக்கும் சகோதரர்கள் இன்றிரவே ஒரு தாளை எடுங்கள். எந்த நாடு, எந்த நிறுவனம், கணக்கு எண் என்ன, எந்த வங்கியின் வழியாகப் பணம் போயிற்று, எவ்வளவு கடன் உண்டு, ஸகாத் எந்த மாதம் நிறைவேற்றுகிறோம் என்பதை எழுதுங்கள். கடவுச்சொல்லை எழுத வேண்டாம். ஒரு படியை மனைவியிடமும், மற்றொன்றை நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். ஃபராயிழ் கணக்கோ, கூட்டுக் கணக்கை மாற்றும் விஷயமோ புரியாதவர்கள் இன்று அஸ்ருக்குப் பின் பள்ளியில் அமர்ந்திருப்பேன், வாருங்கள். வரும்போது படிவத்தின் நகலையும் எடுத்து வாருங்கள்.